தண்ணி மேலயும் ஏறும்

எங்க பெட்ரூம் ஜன்னலுக்கு கீழ, கட்டில் தலைமாட்டுக்கு பின்னாடி ஒரு கறை இருந்துச்சு. "இருந்துச்சு"ன்னு சொல்றதுக்கே எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. ஐப்பசி பொறந்தா அதுவும் பொறக்கும், தை வந்தா காஞ்சு போய் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிஞ்சு நிக்கும், விரல வச்சா பொடிப்பொடியா உதிரும், உள்ள பாத்தா வெள்ளையா உப்பு பூத்திருக்கும். சித்திரையில பெயிண்டர் வருவாரு, சுரண்டுவாரு, பட்டி பாப்பாரு, ரெண்டு கோட்டு அடிப்பாரு, காசு வாங்கிட்டு போவாரு. திரும்ப ஐப்பசி. இப்படியே ஓடிட்டு இருந்துச்சு.

வீடு தாம்பரம் தாண்டி கிழக்கால, 2009ல கட்டினது. கீழ அம்மா, மேல நாங்க. இந்த ஜன்னல் கிழக்கு பாத்தது, காத்து வரட்டும்னு நானே ஆசைப்பட்டு பெருசா வைக்க சொன்னது, அது வடகிழக்கு மழைக்கு நேரா மூஞ்சிய காட்டிட்டு நிக்கப்போகுதுன்னு அப்ப தோணவே இல்ல. நான் சிவில் படிச்சவன் கிடையாது, கணக்கு எழுதற ஆளு, அதனால யார் என்ன சொன்னாலும் தலைய ஆட்டிட்டு செலவு பண்ணேன்.

மொதல்ல வந்தவரு மொட்டை மாடின்னாரு. மாடி முழுக்க வெள்ளையா ஒரு கோட்டிங், அதுக்கு மேல இன்னொரு கோட்டிங். மாடி நல்லா குளுகுளுன்னு ஆச்சு, அத ஒத்துக்கணும், ஆனா கறை அப்படியே. ரெண்டாவது வந்தவரு சுவர்ல வெடிப்புன்னு சொல்லி வெளிப்பக்கம் பூரா எலாஸ்டிக் பெயிண்ட் அடிச்சாரு. மூணாவதா வந்த பையன் சிலிகான் துப்பாக்கிய எடுத்துட்டு வந்து ஜன்னல சுத்தி ஒரு சந்து விடாம, அலுமினியம் ஃப்ரேம்ல இருந்த குட்டி குட்டி ஓட்டைங்க உட்பட, எல்லாத்தையும் அடைச்சு விரலால வழிச்சு விட்டு "இனிமே எறும்பு கூட உள்ள வராது சார்"னு சொல்லிட்டு போனான். எறும்பு வரல. அந்த வருஷம்தான் மிக்ஜாம் புயல் வந்துச்சு.

2023 டிசம்பர் 3 ராத்திரி ஆரம்பிச்ச மழை, மறுநாளும் விடல, கரண்ட் இல்ல, நெட்வொர்க் இல்ல, தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. நான் டார்ச்ச வச்சுக்கிட்டு அந்த கறைய பாத்துட்டு உக்காந்திருந்தேன். வழக்கமா ரெண்டு கை அகலம் இருக்கும், அன்னைக்கு கட்டில் நீளத்துக்கு ஆயிடுச்சு. ஜன்னல் அடியில ஸ்லைடிங் ஓடற தண்டவாளம் இருக்குல்ல, அதுல தண்ணி ரொம்பி உள்பக்கமா வழிஞ்சு, படுக்கை எல்லாம் நனைஞ்சு, வீட்டுல ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. எல்லாத்தையும் அடைச்சதுக்கு அப்புறம் எப்படிடா ஜாஸ்தி ஆகும்னு எனக்கு மண்டை காஞ்சுது.

அதுக்கப்புறம் ஒரு எட்டு மாசம் கழிச்சு, பக்கத்து தெருவுல காம்பவுண்ட் சுவர் கட்ட வந்த ஒரு மேஸ்திரிய அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க. அறுபது வயசு இருக்கும், செஞ்சி பக்கத்து ஆளு. வந்தவரு சுவர பாக்கவே இல்ல. வெளிய சாரத்துல ஏறி ஜன்னலுக்கு கீழ இருக்கற கிரானைட் பலகையோட அடிப்பக்கத்த கையால தடவி பாத்தாரு. தடவிட்டு, "தம்பி, வீட்டுல சொட்டு நீலம் இருக்கா?"ன்னாரு.

ஒரு பக்கெட் தண்ணியில நீலத்த கலந்து, சொம்பால மெதுவா, மழை பெய்யற மாதிரி கூட இல்ல, சும்மா பூசைக்கு ஊத்தற மாதிரி கிரானைட் மேல ஊத்திட்டே இருந்தாரு. தண்ணி முன் ஓரத்துக்கு வந்துச்சு, கீழ விழும்னு நான் நெனச்சேன், பாதி விழுந்துச்சு, மீதி பாதி அந்த ஓரத்த சுத்தி வளைஞ்சு பலகையோட அடிவயித்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு சுவர பாத்து திரும்பி போச்சு. சத்தியமா என் கண்ணால பாத்தேன். போய், கிரானைட்டும் பூச்சும் சேர்ற எடத்துல ஒரு மயிரிழை சந்து, காகிதம் நுழைக்கவே கஷ்டப்படணும், அந்த சந்துக்குள்ள நீலம் சர்ருனு காணாம போச்சு. வெளிய ஒரு சொட்டு நிக்கல. அரை மணி நேரத்துல உள்பக்கம் பழைய கறை மேல லேசா ஊதா தெரிஞ்சுது.

"மேல இருந்து வர தண்ணி இல்ல தம்பி இது, கீழ இருந்து உறிஞ்சற தண்ணி. சுவரு குடிக்குது."

குடிக்குதுங்கற வார்த்தைய அம்மா கூட அடிக்கடி சொல்லுவாங்க, சுவர் தண்ணி குடிச்சிருக்குன்னு. ஏதோ பேச்சுக்கு சொல்றாங்கன்னு இத்தனை நாள் நெனச்சிருக்கேன், அதுதான் சரியான வார்த்தை போல. ஸ்கூல்ல நுண்புழை ஏற்றம்னு ரெண்டு மார்க் கேள்விக்கு படிச்சோமே, விளக்குத்திரி எண்ணெய இழுக்கறது, அதே சமாச்சாரம். மழையில வேட்டி நுனி மட்டும் தரையில பட்டு கொஞ்ச நேரத்துல முழங்கால் வரைக்கும் ஈரம் ஏறி வந்து ஒட்டுமே, யாரும் மேல தண்ணி ஊத்தல, துணியே இழுத்துக்குது. செங்கல்லும், பூச்சும், ரெண்டு பொருள் சேர்ற எடத்துல இருக்கற மெல்லிசான சந்தும் அதே வேலையத்தான் பண்ணுது.

நான் கேட்டேன், அப்ப சந்த அடைச்சா போச்சுல்ல, அதானே அந்த பையன் பண்ணான்னு. மேஸ்திரி சிரிச்சாரு. "அடைச்சா அடையாது தம்பி, சந்து இன்னும் சின்னதா ஆகும். சின்ன சந்துதான் ஜாஸ்தி குடிக்கும். தொறந்து விடணும்." தண்ணி உள்ள வருதுன்னு கூப்பிட்டா ஓட்டைய பெருசாக்கணும்னு சொல்றாரே, வயசாயிடுச்சு போலன்னு மனசுக்குள்ள நெனச்சேன். தப்பு என் மேலதான்.

அன்னைக்கு ராத்திரி பாப்பாவும் நானும் ஒரு பரிசோதனை பண்ணோம், அவ எட்டாவது படிக்கறா. ஒடைஞ்சு போன போட்டோ ஃப்ரேம்ல இருந்து ரெண்டு கண்ணாடி எடுத்து, ஒரு பக்க ஓரம் ஒன்னோட ஒன்னு ஒட்டற மாதிரியும், இன்னொரு பக்கம் நடுவுல ஒரு தீக்குச்சி வச்சு கொஞ்சம் விலகி இருக்கற மாதிரியும் ரப்பர் பேண்ட் போட்டு, நீலம் கலந்த தண்ணி இருக்கற தட்டுல நிக்க வச்சோம். நீங்களும் பண்ணி பாருங்க, பத்து நிமிஷ வேலை, கண்ணாடி ஓரம் கைய கிழிக்காம மட்டும் பாத்துக்கோங்க. தீக்குச்சி இருக்கற பக்கம் தண்ணி ஒன்னுமே பெருசா ஏறல. ஒட்டி இருக்கற பக்கம் நெருங்க நெருங்க ஏறி ஏறி, கடைசியில ஓரத்துல கண்ணாடி உயரம் பூரா நீலம். வளைஞ்சு போற ஒரு கோடு, பாக்க அவ்வளோ அழகா இருந்துச்சு. மேஸ்திரி சொன்னது அங்கதான் எனக்கு உறைச்சுது.

கணக்கு எழுதற புத்தி சும்மா இருக்குமா, ராத்திரி உக்காந்து போட்டு பாத்தேன். ஜேம்ஸ் ஜூரின்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் 1718லயே இத அளந்து சொல்லிட்டாரு, சந்து எவ்வளவுக்கு எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவுக்கு அவ்வளவு தண்ணி ஏறும்னு. சுத்தமான கண்ணாடி மாதிரி தண்ணி நல்லா ஒட்டற ரெண்டு பரப்புக்கு நடுவுல 1 மிமீ சந்து இருந்தா ஏறக்குறைய 15 மிமீ ஏறும். அதே சந்து 0.1 மிமீ ஆச்சுன்னா 15 சென்டிமீட்டர், அரை அடி கிட்ட. 5 மிமீ ஆக்கினா வெறும் 3 மிமீ. 10 மிமீ ஆக்கினா ஒன்னரை மிமீ, அது ஏற்றமே கிடையாது, தண்ணி தன் எடையிலேயே கீழ விழுந்துடும். நெஜ சுவர் கண்ணாடி அளவுக்கு வழவழப்பா இருக்காது, நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன போகும், ஆனா போக்கு இதுதான். இது மேல ஏறறதுக்கான கணக்கு. படுக்க வச்ச சந்துன்னா எடை எதுத்து இழுக்கவே இழுக்காது, வெளிய தண்ணி இருக்கற வரைக்கும் உள்ள போயிட்டே இருக்கும். எங்க கிரானைட்டுக்கு அடியில இருந்தது அந்த மாதிரி படுத்த சந்து, அதுவும் பலகைய வச்ச ஆளு வாட்டம் வெளிப்பக்கமா குடுக்காம மட்டமா, ரசமட்டம் வச்சு பாத்தா உள்பக்கமா ஒரு நூலு சாஞ்ச மாதிரியே வச்சிருந்தாரு. தண்ணிக்கு பத்திரிக்கை அடிச்சு வெத்தலை பாக்கு வச்சு கூப்பிட்ட மாதிரி.

இதுல காத்து வேற சேரும். மணிக்கு 54 கிமீ வேகத்துல காத்து நேரா அடிச்சா அந்த அழுத்தம் தண்ணிய சுமார் 14 மிமீ தூக்கற அளவுக்கு இருக்கும். புயல் நேரத்துல அதுக்கு மேலயே அடிக்கும். சந்து தானா இழுக்கறது ஒரு பக்கம், காத்து பின்னாடி இருந்து தள்ளறது ஒரு பக்கம். அலுமினிய ஜன்னல் தண்டவாளத்துல தண்ணி கொஞ்சம் நிக்கும்னு தெரிஞ்சேதான் வெளிப்பக்கம் அந்த குட்டி ஓட்டைங்கள வச்சிருக்காங்க, உள்ள வந்தது அது வழியா வெளிய போயிடும். நம்ம பையன் அதத்தான் எறும்பு வரும்னு அடைச்சுட்டு போனான். கம்பெனிக்காரன் போட்ட வடிகால அடைச்சுட்டு, தண்ணி கட்டிலுக்கு வந்துடுச்சேன்னு நான் அழுதுட்டு இருந்திருக்கேன்.

மேஸ்திரி வேலைய ஆரம்பிச்சாரு, 2024 செப்டம்பர், மழைக்கு முன்னாடி. மொதல் வேலை பிளேட வச்சு எல்லா சிலிகானையும் கிழிச்சு எடுத்தது, அதுக்கே அரை நாள். ஓட்டைங்கள ஆணி வச்சு குத்தி தொறந்து விட்டாரு. அப்புறம் கட்டிங் மெஷின எடுத்து கிரானைட்டோட அடிப்பக்கத்துல, முன் ஓரத்துல இருந்து ஒரு ரெண்டு சென்டிமீட்டர் உள்ள தள்ளி, நீளவாக்குல ஒரு காடி, அதாவது பள்ளக்கோடு, எடுத்தாரு. ஒரு கோடு கிழிச்சு விடல, நாலஞ்சு தடவை பக்கத்துல பக்கத்துல ஓட்டி 10 மிமீ அகலம் வர்ற வரைக்கும் விடல. கல்லு 18 மிமீ தடிமன், அதுல ஒரு 7 மிமீ ஆழம். நான் கீழ இருந்து "அண்ணே போதும்ணே ஒடைஞ்சிடப்போகுது"ன்னு கத்தறேன், அவரு "ஒத்தை கோடுன்னா தண்ணி தாண்டிடும் தம்பி, பள்ளம் மாதிரி இருக்கணும்"னு தூசிக்குள்ள இருந்து பதில் சொல்றாரு.

இந்த காடிதான் மொத்த விஷயமும். அடிப்பக்கமா ஒட்டிக்கிட்டு ஊர்ந்து வர தண்ணி காடியோட விளிம்புக்கு வந்ததும் ஒட்டறதுக்கு பரப்பு திடீர்னு மேல போயிடுது, அது மேல ஏறணும் இல்லன்னா விழணும், அவ்வளவு அகலமான எடத்துல ஏறறதுக்கு தெம்பு இல்ல, அதனால சொட்டு சொட்டா விழுந்துடுது. காபி ஆத்தும்போது கவனிச்சிருப்பீங்க, டம்ளர்ல இருந்து மெதுவா ஊத்தினா காபி டபராவுக்குள்ள விழாம டம்ளரோட வெளிப்பக்கமா வழிஞ்சு கையெல்லாம் ஆகும். விளிம்பு நல்லா வெளிய மடிச்ச டம்ளர்னா அது ஆகாது, மடிப்போட நுனியில காபி அறுந்து விழுந்துடும். நம்ம பித்தளை டம்ளர் பண்ணவங்களுக்கு தெரிஞ்சது எங்க வீட்டு ஜன்னல் வச்சவருக்கு தெரியல.

கோயில்ல தாழ்வாரத்து ஓரமா கல்லுலயே வளைஞ்சு கீழ இறங்கி வர்ற கொடுங்கை பாத்திருக்கீங்களா? ஆவுடையார்கோயில் கொடுங்கைக்குத்தான் பேரு, கல்லுல மரச்சட்டம், ஆணி எல்லாம் செதுக்கி வச்சிருப்பாங்க, அந்த கோயில் வேலைய மட்டும் எங்ககிட்ட கேக்காதீங்கன்னு மத்த சிற்பிங்க ஒப்பந்தத்துலயே எழுதுவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. நான் இத்தனை நாள் அத அழகுக்குன்னு மட்டும் பாத்தேன். இப்ப பாத்தா அந்த வளைவு நுனி சுவர விட்டு நல்லா வெளிய தள்ளி, கீழ பாத்து முடியுது, தண்ணிக்கு திரும்பி உள்ள வர வழியே இல்ல. எங்க போனாலும் இப்ப கழுத்த வளைச்சு சன்ஷேட் அடிய பாக்கற பழக்கம் வந்துடுச்சு, வீட்டுல திட்டறாங்க.

சன்ஷேட்ன்னதும் ஞாபகம் வருது. நம்ம ஊர்ல நிறைய வீட்டுல சன்ஷேட் அடியில காடி எடுப்பாங்க, பூசும்போதே ஒரு கம்பிய இல்ல பட்டைய வச்சு அழுத்தி எடுத்துடலாம், செலவே கிடையாது. ஆனா பாதி எடத்துல ரெண்டு தப்பு நடக்குது. ஒன்னு, பெயிண்டர் வருஷா வருஷம் பட்டி பாத்து அந்த காடிய மூடிடறாரு, அவருக்கு அது ஏதோ பூச்சுல விட்ட குறை மாதிரி தெரியும் போல. இன்னொன்னு, பக்கவாட்டு ஓரத்துல வர்ற காடிய நேரா சுவர் வரைக்கும் கொண்டு போய் முட்ட விட்டுடறாங்க, அப்ப காடியே வாய்க்கால் மாதிரி ஆகி தண்ணிய பத்திரமா சுவருக்கு கொண்டு போய் சேக்குது. சுவருக்கு ஒரு ரெண்டு அங்குலம் முன்னாடியே நிறுத்திடணும். இத மேஸ்திரி சொல்லும்போது எனக்கு எங்க வீட்டு ஹால் சன்ஷேட் ஞாபகம் வந்து வயிறு கலங்குச்சு, போய் பாத்தேன், முட்டித்தான் இருந்துச்சு.

சரி, கிரானைட்டும் பூச்சும் சேர்ற அந்த மயிரிழை சந்த என்ன பண்ணாருன்னா, அத அப்படியே மேல பூசல. மெஷின வச்சு 10 மிமீ அகலத்துக்கு தோண்டி எடுத்துட்டு, தூசிய பிரஷ்ஷால தட்டி, உள்ள பேக்கர் ராட்னு ஒரு நுரை கயிறு விக்கறாங்க, மல்லிகைப்பூ சரம் தடிமன்ல இருக்கும், அத திணிச்சு அதுக்கு மேல பியு சீலன்ட், ரப்பர் மாதிரி இறுகற பாலியூரித்தேன் பசை, அடிச்சாரு. ஆழம் அகலத்துல பாதி. கயிறு எதுக்குன்னு கேட்டா, சீலன்ட் ரெண்டு பக்க சுவர மட்டும்தான் புடிக்கணுமாம், அடியிலயும் ஒட்டிடுச்சுன்னா வெயிலுக்கு சந்து விரியும்போது அதால இழுபட முடியாம கிழிஞ்சிடுமாம். மூணு பக்கமும் ஒட்டின சீலன்ட் ரெண்டு வெயில் தாங்காதுன்னாரு. கிழிஞ்ச சீலன்ட் என்ன ஆகும்? பழைய சந்த விட ஒடுக்கமா ஒரு புது சந்து, வெளிய பாத்தா அடைச்ச மாதிரியே இருக்கும். அந்த சிலிகான் பையன் சந்து மேல விரலால வழிச்சு விட்டானே, அது அதேதான், அடைச்சதுக்கு அப்புறம் ஜாஸ்தி ஆனதுக்கு பாதி காரணம் இதுன்னு இப்ப புரியுது.

அதே வாரத்துல மாடியில போட்ட ஷீட்டையும் பாக்க சொன்னேன், துணி காயப்போட தகர ஷீட் கூரை போட்டிருக்கோம், அதுல ரெண்டு ஷீட் சேர்ற எடத்துல மட்டும் சொட்டும். ஆணி ஓட்டைன்னு நெனச்சு வாஷர் எல்லாம் மாத்தியாச்சு. மேல ஏறி பாத்துட்டு "ஷீட்ட திருப்பி போட்டிருக்கான் தம்பி"ன்னாரு. கலர் ஷீட் வாங்கினா ஒரு ஓரத்து மடிப்புல மட்டும் சின்னதா ஒரு காடி ஓடும், கவனிச்சா தெரியும். அந்த காடி இருக்கற ஓரம் கீழ போய் பக்கத்து ஷீட் அது மேல மூடணும். ரெண்டு தகடு ஒட்டிக்கிட்டு இருக்கற எடத்துல தண்ணி மடிப்ப தாண்டி ஏறி வந்தாலும் அந்த காடிக்கு வந்ததும் இழுவை அறுந்து, காடி வழியாவே கீழ ஓடிடும். எங்களோடது தலைகீழ், காடி மேல தெரியற மாதிரி வானத்த பாத்துட்டு இருக்கு. பத்து வருஷமா அத ஏதோ டிசைன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். கிரானைட்லயும் காடி, ஷீட்லயும் காடி, எல்லா எடத்துலயும் ஒரே வித்தை, தண்ணிக்கு நடுவுல கொஞ்சம் காத்தாட எடம் விடறது. மங்களூர் ஓட்ட கையில எடுத்து பாருங்க, ஓரத்துலயும் தலையிலயும் மேடும் பள்ளமுமா வரி ஓடும். மங்களூர்ல ஜெப்புங்கற எடத்துல பாஸல் மிஷன்காரங்க, சுவிட்சர்லாந்துல இருந்து வந்த கிறிஸ்தவ மிஷன், 1865ல ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சாங்க, நம்ம தாத்தா காலத்து வீட்டு மேல உக்காந்திருக்கற ஓடு அந்த வம்சம்தான். ஒன்னோட ஒன்னு பூட்டிக்கறதுக்கு மட்டும்னு நெனச்சா பாதிதான் சரி, ஓடு ரெண்டும் முழு பரப்பும் ஒட்டி உக்காந்திருந்தா தண்ணி இடுக்குல ஏறிடும், அந்த பள்ளம் அத நிறுத்துது.

கீழ அம்மா ரூம் கதை வேற. அங்க பிரச்சனை ஜன்னல்ல கிடையாது, தரையில இருந்து ஒரு மூணடி உயரத்துக்கு சுவர் பூரா ஓதம். பூசை அலமாரி பின்னாடி போஸ்டர் ஒட்டினா பத்து நாள்ல தானா கழண்டு வந்துடும். இது மழை காலம்னு இல்ல, வைகாசியிலயும் இருக்கும். மண்ணுல இருக்கற ஈரம் செங்கல் வழியா ஏறறது. இதுக்குன்னுதான் பேஸ்மட்டம் முடிஞ்சதும் சுவர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஏறாத ஒரு காங்கிரீட் பட்டை போடுவாங்க, டிபிசின்னு சொல்றது, வழக்கமா 40 மிமீ தடிமன்ல, வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்து. எங்க வீட்டுல அது இருக்கு, காசு குடுத்த பில்லு கூட வச்சிருக்கேன். இருந்தும் ஏன் ஏறுச்சு?

ரோடுதான். சென்னையில வீடு வச்சிருக்கறவங்களுக்கு நான் விளக்கவே வேணாம், பழைய ரோட்ட சுரண்டாம மேலயே புது ரோடு, அதுக்கு மேல இன்னொன்னு. 2009ல ரோட்டுல இருந்து மூணு படி ஏறி வீட்டுக்குள்ள போவோம், இப்ப ஒரு படி. தெருத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு நாங்களே வாசல சுத்தி ரெண்டு தடவை மண் கொட்டி மேடாக்கி சிமெண்ட் போட்டோம். மண்ணு டிபிசிக்கு மேல போயிடுச்சு. பட்டை பாவம் கீழ தன் பாட்டுக்கு காவல் காத்துட்டு இருக்கு, தண்ணி அதுக்கு மேல இருந்து பக்கவாட்டுல ஏறி வருது. அதோட வெளிப்பூச்சையும் மண்ணு வரைக்கும் ஒரே சீரா இழுத்து விட்டிருக்காங்க, பாக்க நல்லா இருக்கும், ஆனா பூச்சு திரி மாதிரி, பட்டைய தாண்டி ஈரத்த மேல கொண்டு போயிடும்.

இதுக்கு மேஸ்திரி பண்ணது, சுவர ஒட்டி ஒன்னரை அடி அகலத்துக்கு மண்ண தோண்டி டிபிசிக்கு கீழ அரை அடி வரைக்கும் எறக்கி, அதுல மண்ணுக்கு பதிலா 40 மிமீ ஜல்லி கொட்டினாரு, கழுவின ஜல்லி, தூசி இல்லாம. களிமண்ணுல துளை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கம், அதனால ஈரம் ஆள் உயரம் தாண்டி கூட ஏறும், ஜல்லிக்கு நடுவுல விரல் நுழையற எடம், அங்க ஏற முடியாது. மழைத்தண்ணி அதுல தேங்கிடாம இருக்க அடியில ஓட்டை போட்ட பைப் ஒன்ன பின்பக்கமா வாட்டம் குடுத்து விட்டாரு. அப்புறம் பட்டை உயரத்துல வெளிப்பூச்ச ஒரு அங்குலம் அகலத்துக்கு சுத்தி வெட்டி எடுத்துட்டாரு. இடுப்புல கயிறு கட்டின மாதிரி ஒரு கோடு, அம்மாவுக்கு சுத்தமா புடிக்கல. "வீட்டுக்கு அரைஞாண் கயிறு கட்டி விட்டுட்டான்"னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்தாங்க.

உள்பக்கம் மட்டும் அவரு எதுவும் பூச விடல. வாட்டர்ப்ரூஃப் பட்டி விக்கறாங்களே அத அடிச்சா என்னன்னு கேட்டேன். தண்ணி வெளிப்பக்கம் இருந்து வந்துட்டே இருக்கும்போது உள்பக்கம் மூடினா அது நின்னுடாது, வெளிய வந்து காய முடியாம இன்னும் மேல ஏறும், உப்பு பூச்சுக்கு பின்னாடி சேந்து ஒரு நாள் மொத்தமா தள்ளி விழ வைக்கும்னாரு. கெட்டுப்போன பூச்ச செங்கல் தெரியற வரைக்கும் கொத்தி எடுத்துட்டு ஒரு வெயில் காலம் முழுக்க அப்படியே விட சொல்லிட்டாரு. அம்மா ரூம் எட்டு மாசம் செங்கல்லோட நின்னுச்சு, நவராத்திரிக்கு வந்த சொந்தக்காரங்க வீடு இன்னும் கட்டி முடியலையான்னு கேட்டாங்க.

தாமரை இலை மாதிரி தண்ணி ஒட்டாம பண்ற மருந்து ஒன்னு இருக்கு, சிலேன்னு சொல்லுவாங்க, செங்கல் துளைக்குள்ள போய் உக்காந்துக்கும், துளைய அடைக்காது, ஆனா உள்பரப்பு தண்ணிய தள்ளற மாதிரி ஆயிடும், அதனால இழுவை இருக்காது. கணக்குப்படி அது நெஜமாவே வேலை செய்யற விஷயம்தான், பரப்பு தண்ணிய ஒட்ட விடலன்னா ஏற்றமே கிடையாது. நான் வெளிய ஒரு சின்ன எடத்துல அடிச்சு பாத்தேன், தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. ஆனா தண்ணி தேங்கி நின்னு அழுத்தற எடத்துலயும், கண்ணுக்கு தெரியற வெடிப்புலயும் அது ஒன்னும் பண்ணாது. முதல்ல காடி, வாட்டம், சந்து இதெல்லாம் பண்ணிட்டு கடைசியில வேணும்னா அடிக்கலாம். கடைக்காரங்க தலைகீழா சொல்லுவாங்க, ஏன்னா டப்பாவ விக்கலாம், காடிய விக்க முடியாது.

ஜன்னலுக்கு மொத்த செலவு மேஸ்திரி கூலி ரெண்டு நாள், பிளேடு, பேக்கர் ராட், ரெண்டு சீலன்ட் ட்யூப். முன்னாடி மாடி கோட்டிங்குக்கு குடுத்தத இங்க எழுதினா வீட்டுல படிச்சுடுவாங்க, அதனால வேணாம்.

போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணிட்டு போனாரு. உள்பக்கம் கறையோட ஓரத்த சுத்தி பென்சிலால கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுத சொன்னாரு. ஒவ்வொரு மழைக்கும் ஓரம் எங்க நிக்குதோ அங்க புதுக்கோடு, புது தேதி, பெயிண்ட் மட்டும் அடிக்காதீங்கன்னாரு. பெயிண்ட் அடிச்சா சரியாச்சா இல்லையான்னே தெரியாது, மறைஞ்சுதான் போகும்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தயே மூடினாங்க அன்னைக்கு. காத்து கிழக்கால இருந்து அந்த ஜன்னல் மேலயே வந்து அறையுது. நான் குடைய புடிச்சுட்டு மாடிப்படியில நின்னு கழுத்த நீட்டி கிரானைட் அடிய பாத்தேன், காடியோட வெளி விளிம்புல வரிசையா சொட்டு, மணி கோத்த மாதிரி, ஒன்னு விழுந்தா ஒன்னு, காடிக்கு உள்பக்கம் கல்லு காஞ்சு சாம்பல் நிறத்துல இருக்கு. தண்டவாளத்து ஓட்டையில இருந்து தண்ணி புளிச் புளிச்னு வெளிய துப்புது. உள்ள வந்து டார்ச் அடிச்சேன், பென்சில் கோட்டுக்குள்ளதான் இருக்கு. மறுநாளும் உள்ளதான். டிசம்பர் கடைசியில போட்ட கோடு செப்டம்பர் கோட்ட விட ஒரு கையகலம் சின்னது.

இப்ப அந்த சுவர்ல ஏழு கோடு இருக்கு, வெட்டின மரத்துல வயசு வளையம் இருக்குமே அந்த மாதிரி, கடைசிக்கோடு ஒரு தோசை அளவு. பெயிண்ட் இன்னும் அடிக்கல. அம்மா ரூம்ல கீழ இருக்கற ரெண்டு வரி செங்கல் இன்னும் லேசா கறுத்துத்தான் இருக்கு, அதுக்கு இன்னொரு கோடை வேணும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு, அம்மா அது வரைக்கும் பூசை அலமாரிய ஹாலுக்கு மாத்திட்டாங்க. ஹால் சன்ஷேட் காடி சுவர்ல முட்டறது மட்டும் பாக்கி, மனுஷன் பொங்கலுக்கு ஊருக்கு போயிருக்காரு, வந்ததும் வர்றேன்னு சொல்லியிருக்காரு.